புது பிஸ்டலும் புது தோசைக்கல்லும்: பழக்காம நம்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் டர்பனுக்கு வடக்க வெருலத்துல இருந்து எழுதுறேன். கொஞ்ச நாளா கோயில்ல பார்த்தாலும் சரி கல்யாண வீட்டுல பார்த்தாலும் சரி நம்ம பசங்க என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், அங்கிள் அந்த பழைய மாடல் 1911 பிஸ்டல் இப்ப மலிவா வருதாமே வாங்கலாமான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதான் உங்க பேப்பருக்கே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். வாங்கலாம், தாராளமா வாங்கலாம். ஆனா வாங்கிட்டு வந்த அன்னைக்கே அதை நம்பி தலைமாட்டுல வெச்சுக்கிட்டு தூங்காதீங்க. நான் அப்படித்தான் செய்ய இருந்தேன், அந்த சனிக்கிழமை ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடம்) போகாம இருந்திருந்தா செஞ்சும் இருப்பேன்.

அது என்ன பிஸ்டல்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜான் பிரவுனிங்னு ஒரு அமெரிக்கர் வடிவமைச்சது, 1911ல அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிச்சு, அதான் அந்த பேரு. 1985ல பெரெட்டா பிஸ்டல் வர்ற வரைக்கும் அவங்களுக்கு அதுதான் கைத்துப்பாக்கி. .45 அங்குல தோட்டா, மேகசின்ல (தோட்டா அடுக்குற பெட்டி) 7, வெறும் பிஸ்டலே 1 கிலோவுக்கு மேல கனம். பேட்டன்ட் எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, அதனால யார் வேணா செய்யலாம், பிலிப்பைன்ஸ்ல ஆர்ம்ஸ்கோர் செய்யுது, துருக்கியில டிசாஸ், கிர்சான் செய்யுது, சீனாவுல நோரின்கோ செஞ்சிருக்கு. விலை உசந்த 1911ல ஒரு ஆள் உக்காந்து ஸ்லைடையும் (மேல முன்னும் பின்னும் ஓடுற பாகம்) பேரலையும் (குழல்) கையால ராவி ராவி பொருத்துவான், அந்த கூலியும் விலைய ஏத்துது. மலிவான பிஸ்டல்ல அந்த வேலை மிச்சம் இருக்கும், அதை நாமதான் சுட்டு சுட்டு முடிக்கணும். மட்டமான சாமான்னு நான் சொல்லவே இல்ல, முடியாத வேலையோட கைக்கு வருதுன்னுதான் சொல்றேன்.

என் கதைய சொல்றேன். இங்க சட்டப்படி முதல்ல டிரெய்னிங், அப்புறம் தகுதி சர்டிபிகேட், அப்புறம் லைசென்ஸ், அது கைக்கு வர்ற வரைக்கும் நாம காசு கட்டுன பிஸ்டல் கடைக்காரர் சேஃப்லயேதான் தூங்கும். எனக்கு மாசக்கணக்குல ஆச்சு. கடைசியா எடுக்கப் போனப்ப கடையில இருந்தவர், ஒண்ணும் பண்ண வேணாம் நேரா யூஸ் பண்ணலாம்னாரு. நானும் அப்படியே ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனேன். முதல் மேகசின், மூணாவது தோட்டா, ஸ்லைட் முழுசா மூடல, ஒரு நகக்கண் அளவு பின்னாலயே நின்னுடுச்சு. டிரிகரை அமுக்குனா ஒண்ணும் இல்ல. கட்டை விரலால தள்ளுனா மூடுது, சுட்டா அடுத்ததுக்கு மறுபடி அதே கதை. 50 தோட்டாவுல 6 தடவை நின்னுச்சு. சுத்தி நின்னவங்க பழைய மாடல்னா அப்படித்தான்னு சொன்னாங்க, எனக்கு கையெல்லாம் நடுங்குது, ஏன்னா அன்னைக்கு ராத்திரி இதை நம்பித்தான் பொண்டாட்டி புள்ளைங்களோட தூங்க இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கழட்டிப் பார்த்தா உள்ள முழுக்க பிசுபிசுன்னு பசை. அது ஓடறதுக்கு போட்ட ஆயில் இல்ல, கப்பல்ல வர்றப்ப துரு பிடிக்காம இருக்க தடவுனது. மாசக்கணக்குல சேஃப்ல இருந்து இறுகிப் போயிருந்துச்சு. அப்பதான் எங்க ஆயா ஞாபகம் வந்துச்சு, புது இரும்பு தோசைக்கல்லு வாங்குனா ஆயா அதை நல்லா தேச்சு கழுவி, எண்ணெய் தடவி காய வெச்சு, வெங்காயத்தால தேச்சு தேச்சு ரெண்டு மூணு நாள் பழக்கும், முதல் நாலு தோசை பிஞ்சுதான் வரும், அதுக்காக கல்லை யாரும் கடையில திருப்பிக் குடுக்க மாட்டோம். வந்த விருந்தாளிக்கு அந்த முதல் தோசைய வைக்கவும் மாட்டோம்.

அதனால முதல் வேலை கழட்டி துடைக்கிறது. மேகசினை வெளிய எடுத்து, சேம்பர் (பேரல்ல தோட்டா உக்கார்ற இடம்) காலியான்னு கண்ணால பார்த்து விரலாலயும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் கழட்டணும். முன்னால பேரல் வாயில இருக்குற புஷ்ஷை (வளையம்) திருப்புறப்ப அடியில இருக்குற ஸ்பிரிங் மூடிய கட்டை விரலால அழுத்திப் பிடிங்க, விட்டா பறந்து முகத்துல அடிக்கும். பக்கத்துல இருக்குற ஸ்லைட் ஸ்டாப்பை (ஸ்லைடை தடுத்து நிறுத்துற துண்டு) திரும்ப மாட்டுறப்ப அவசரப்பட்டா பிரேம்ல, அதாவது பிஸ்டல் உடம்புல, அரை வட்டமா ஒரு கீறல் விழும், அது அப்புறம் போகவே போகாது. பழைய பசையெல்லாம் எடுத்துட்டு ஆயிலை ஸ்லைட் ஓடுற தண்டவாளம் ரெண்டு பக்கமும், பேரல் மேல இருக்குற பூட்டுப் பல்லு, பேரல் வாய் உரசுற இடம், இதுல எல்லாம் தாராளமா போடுங்க. புதுசுல கொஞ்சம் ஈரமாவே ஓடட்டும். மலிவான பிஸ்டல் நிறைய பாஸ்பேட் பூச்சோடதான் வருது, தொட்டா சொரசொரன்னு இருக்கும், அந்த சொரசொரப்பு உரசி வழவழன்னு ஆகுறதுதான் நாம சொல்ற பழக்குறது. காலியா இருக்குறப்ப ஸ்லைடை இழுத்து படார்னு விடாதீங்க, கையோட மெதுவா கொண்டு போய் மூடுங்க.

தோட்டா வாங்குறப்ப 230 கிரெய்ன் (குண்டோட எடை), முழுசா செம்பு மூடுன உருண்டை மூக்கு தோட்டாவா வாங்குங்க. இந்த பிஸ்டல் பொறந்ததே அதுக்காகத்தான், வாய் குழிஞ்ச ஹாலோ பாயின்ட் எல்லாம் இந்த பிஸ்டலுக்கு பின்னாடி வந்தது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மேகசின். 1911 நின்னுச்சுன்னா பிஸ்டலை திட்டுறதுக்கு முன்னாடி மேகசினை பாருங்க. என்கிட்ட மூணு இருந்துச்சு, மார்க்கர் பேனாவால அடியில 1, 2, 3ன்னு எழுதிட்டு, ஒரு பழைய ஸ்கூல் நோட்டுல எத்தனை சுட்டேன், எந்த மேகசின், எத்தனாவது தோட்டாவுல நின்னுச்சு, எப்படி நின்னுச்சுன்னு எழுதிக்கிட்டே வந்தேன். 200 தோட்டா முடியறப்ப நோட்டே சொல்லிடுச்சு, 1லயும் 3லயும் தகராறு குறைஞ்சுகிட்டே வருது, 2ம் நம்பர் மட்டும் கடைசி தோட்டாவை மூக்கு கீழ சாய்ச்சே தள்ளுது. நோட்டு இல்லன்னா பிஸ்டல் தப்புன்னு நெனச்சு டிரெமல் மெஷினை எடுத்து தோட்டா ஏறுற சரிவை தேய்க்க ஆரம்பிச்சிருப்பேன். அதை மட்டும் யாரும் வீட்டுல செய்யாதீங்க, ஒரு தடவை கோணம் போச்சுன்னா பிஸ்டலே போச்சு.

ஆனா மூடாம நிக்கிற அந்த வியாதி 1லயும் 3லயும்கூட அப்பப்ப வந்துகிட்டுதான் இருந்துச்சு. அதுக்கு காரணம் எக்ஸ்ட்ராக்டர். சுட்டு முடிஞ்ச தோட்டாவோட காலி கூட்டை பிடிச்சு வெளிய இழுக்குற கொக்கி அது, 1911ல தனி ஸ்பிரிங் கிடையாது, அந்த எஃகு துண்டே வளைஞ்சு ஸ்பிரிங் வேலை பார்க்கும். வளைவு அதிகமா இருந்தா தோட்டா விளிம்பு அதுக்குள்ள வழுக்கிப் போக திணறும், ஸ்லைட் அந்த நகக்கண் தூரத்துலயே நின்னுடும். கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்க்குறவர்) கிட்ட கொண்டு போனேன், கழட்டி வளைவை லேசா குறைச்சு மாட்டிக் குடுத்துட்டாரு, ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகல. அதுக்கப்புறம் இன்னொரு 200 தோட்டா போட்டேன், 1லயும் 3லயும் ஒரு தடவைகூட நிக்கல. அதுக்கு அப்புறமும் வீட்டுல வெக்கப்போற ஹாலோ பாயின்டை 50 சுட்டுப் பார்த்துட்டுத்தான் மனசு ஆறுச்சு.

இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா நம்ம நாட்டு சட்டம் அப்படி. 2000ம் வருஷ 60ம் நம்பர் துப்பாக்கி கட்டுப்பாட்டு சட்டத்துல பிரிவு 13, அதாவது தற்காப்பு லைசென்ஸ்ல ஒருத்தருக்கு ஒரே ஒரு ஆயுதம்தான், 5 வருஷத்துக்கு. அது சரியில்லைன்னா இன்னொன்னை எடுத்துக்கலாம்னு இருக்க முடியாது. இருக்குற அந்த ஒண்ணு வேலை செஞ்சே ஆகணும்.

அங்கிள் வீட்டுல 200 தோட்டாவுக்கு மேல வெக்கக் கூடாதே, எப்படி 400 சுடறதுன்னு ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஒரு துப்பாக்கிக்கு 200ங்கிறது சொந்தமா வெச்சிருக்கிறதுக்கு உள்ள வரம்பு, அங்கீகாரம் உள்ள ரேஞ்சுல வாங்கி அங்கயே சுட்டுத் தீர்க்குறது அதுல சேராது, சட்டத்துலயே எழுதியிருக்கு. அதனால 4 சனிக்கிழமை, சனிக்கிழமைக்கு 100, அவ்வளவுதான். கை வலிக்கவும் வலிக்காது, ஒவ்வொரு தடவையும் துடைச்சு ஆயில் போட்ட மாதிரியும் ஆச்சு.

காசுதான் கஷ்டம், ஒத்துக்கிறேன். .45 தோட்டா 9 எம்எம்ம விட விலை ஜாஸ்தி. அதே 1911 இப்ப 9 எம்எம்லயும் வருது, பட்ஜெட் இடிச்சா அதை வாங்குங்க, உதையும் கம்மி. பிஸ்டல் விலையோட 400 தோட்டா, ரெண்டு நல்ல மேகசின், எஸ்ஏபிஎஸ் (நம்ம நாட்டு தர நிர்ணய அமைப்பு) கேக்குற தரத்துல சுவத்துல போல்ட் அடிச்ச சேஃப், கன்ஸ்மித் கூலி, இதெல்லாம் சேர்த்துதான் இது மலிவா இல்லையான்னு கணக்கு போடணும். நம்ம வீடுகள்ல பேரப்புள்ளைங்க ஓடியாடிகிட்டு இருக்கும், சேஃப் விஷயத்துல மட்டும் ஒரு ராண்ட்கூட மிச்சம் பிடிக்காதீங்க.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பர்ல வீட்டுப் பாதுகாப்பு பத்தி அப்பப்ப எழுதுறீங்க, கேமரா, அலாரம், நாய் எல்லாம் வருது. அடுத்த தடவை துப்பாக்கி பத்தி போடுறப்ப லைசென்ஸ் வாங்குற வழியோட நிறுத்திடாம, வாங்குன அப்புறம் ரேஞ்சுல என்ன செய்யணும்னு ஒரு பத்தியாவது போடுங்க. என் நோட்டை வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன், அந்த 2ம் நம்பர் மேகசின் நின்ன ஒவ்வொரு தடவையும் தேதியோட இருக்கு.

இப்படிக்கு,
வெருலம் வாசகர்,
குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா