‘எதுவும் நுழையாது’ என்று விற்ற கோழிக்கூண்டு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

திருவொற்றியூரில் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் குடியிருக்கிறேன். ஆறு சிறுவிடைக் கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். ஆவணியில் உங்களிடம் 6,800 ரூபாய்க்குக் கூண்டு வாங்கினேன். ‘ராத்திரி அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், எதுவும் நுழையாது’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

ஐப்பசியில் ஒரு கோழி 21 நாள் அடைகிடந்து பதினோரு குஞ்சு பொரித்தது. நாலாம் நாள் காலையில் எண்ணினால் எட்டுதான் இருந்தது. மறுநாள் ஐந்து. ரத்தம் இல்லை, ஒரு இறகுகூட இல்லை, கதவில் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. தாய்க்கோழி மட்டும் மூலையில் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர், “கொக்கி போட்டபடியே இருக்குன்னா ஆள்தான்மா எடுத்திருப்பாங்க, பக்கத்துல விசாரிங்க” என்றார். குஞ்சு போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு, பின்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தினமும் கோழிக்கு அரிசிக்குருணை கொண்டுவந்து போடுகிறவன். அவன் முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து அவன் அம்மா என்னோடு பேசுவதில்லை.

மழை விட்ட ஒரு ராத்திரி, கூண்டைச் சுற்றிக் கோலமாவைச் சலித்துத் தூவி வைத்தேன். விடிந்து பார்த்தால் மாவில் கால்தடம்: முன்காலுக்கு நாலு விரல், பின்காலுக்கு ஐந்து, நடுவில் வால் இழுபட்ட கோடு. அது கூண்டின் பின்பக்கம் போய், மண் தள்ளி மூடியிருந்த ஒரு வளையில் முடிந்தது. பெருச்சாளி. மழையில் கால்வாய் ஏறினால் வளைகளில் தண்ணீர் புகுந்து, பெருச்சாளிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும் என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வளையைத் தோண்டினேன். கூண்டுக்கு அடியிலேயே போனது. உள்ளே இரண்டு ஜோடிக் குஞ்சுக்கால்கள் கிடந்தன. உங்கள் கூண்டுக்கு அடிப்பகுதியே இல்லை. தரையில் அப்படியே வைக்கிற மாதிரிதான் செய்திருக்கிறீர்கள். கொக்கி போட்டு என்ன பயன்?

கார்த்திகையில் ஒரு முட்டைக்கோழியும் போனது. அது காலை பத்து மணிக்கு, கீரிப்பிள்ளை. நீங்கள் அடித்திருப்பது அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும், கடிக்கிற பிராணியைத் தடுக்காது. உப்புக்காற்றில் மூன்றே மாதத்தில் கீழ்வரிசை துருப்பிடித்து, விரலால் இழுத்தாலே பிரிந்துவிட்டது. இதைச் சொன்னதற்கு, விஷம் வைக்கச் சொன்னார் உங்கள் ஆள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் கொல்லக் கூடாது என்கிறது. தவிர, அந்த விஷத்தைத் தெருநாயும் பூனையும் தின்னும். தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

கடைசியில் நானே 2,300 ரூபாய் செலவழித்து, அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்கி அடியிலும் சுற்றிலும் அடித்தேன். வெளிப்பக்கம் ஒன்றரை அடிக்குத் தரையில் படுக்க வைத்து மேலே செங்கல் அடுக்கினேன். தோண்ட வருகிற பிராணி முதலில் கம்பியில்தான் முட்டும். அதற்குப் பிறகு ஏழு வாரமாக ஒன்றும் குறையவில்லை.

கூண்டின் விலையையும் இந்தச் செலவையும் 15 நாளில் தர வேண்டும். விளம்பரத்தில் அந்த வாசகத்தை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்து, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ரசீதும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் வேண்டும். குஞ்சுகள் போனதற்குக் கூண்டில் அடிப்பகுதி இல்லாததுதான் காரணம் என்று உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அதை அந்தப் பையனின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருவொற்றியூர்