மலையேற்றக் குழுப் பொறுப்பாளர்களுக்கு: பெண்களின் உள்ளாடையைப் பற்றியும் பேசுங்கள்

கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தில் மலையேற்றக் குழுக்களை நடத்திவரும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் பயணங்களில் வரும் பெண்களில் நானும் ஒருத்தி. சனிக்கிழமை காலையில் புக்கிட் காசிங்கில் நடக்கப் பழக்கி, புரோகா, நுவாங் என்று ஏற்றி, கடைசியில் தாகான் மலைவரைக்கும் நம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்கள். வனத்துறை பெர்மிட், மாலிம் குனோங் வழிகாட்டி, வேன், சாப்பாடு, முடியாதவரின் பையையும் சேர்த்துச் சுமப்பது என்று நீங்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அதனால்தான் இதை வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பயணத்துக்கு முன் நீங்கள் வாட்சாப்பில் அனுப்பும் பட்டியலில் தலைவிளக்கு இருக்கிறது, விசில் இருக்கிறது, மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு, மேகி மீ எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கிறது. கடைசியில் ‘சொந்தப் பொருள்கள்’ என்று ஒரு வரி. பெண்களுக்கு வேண்டியது அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் போய்விடுகிறது. என்ன உள்ளாடை, எத்தனை, அதை எங்கே காயப்போடுவது, எங்கே ஒதுங்குவது, மாதவிடாய் வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்வதில்லை. புதிதாக வரும் பெண் கேட்கக் கூச்சப்படுகிறாள். நடத்துபவர் சொல்லக் கூச்சப்படுகிறார். தொடை உரிந்து, சிறுநீர் எரிச்சலோடு வீடு திரும்பியவள் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுப்பதில்லை. அவளுக்கு ஸ்டாமினா இல்லை என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம்.

விளக்கக் கூட்டத்தில் இதை வாய்விட்டுப் பேசுங்கள். பட்டியலில் எழுதுங்கள். பயணத் திட்டத்தில் இதற்கென்று நேரம் வையுங்கள்.

முதலில் சிறுநீர். நுவாங் 1,493 மீட்டர் உயரம். பங்சூன் வழியாக ஏறி இறங்கப் பலருக்குப் பத்து மணி நேரம் ஆகிவிடும். அடிவாரத்துக் கழிவறையைத் தாண்டிவிட்டால் வழியில் வேறு கிடையாது. ஆண்கள் பாதையோரம் திரும்பி நின்றால் வேலை முடிந்தது. பெண்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சட்டை பிழியும் அளவுக்கு வியர்க்கும் காட்டில், வாயை நனைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பெண்ணின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆசனவாய்ப் பக்கமிருந்து ஈ.கோலி கிருமி உள்ளே ஏறுவது பெண்ணுக்கு அவ்வளவு சுலபம். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கிவைத்தால் அந்தக் கிருமி அங்கேயே பெருகுகிறது. எரிச்சலில் தொடங்குவது காய்ச்சலும் முதுகு வலியுமாக மாறினால் சிறுநீரகம்வரை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நுவாங்கில் என்றால் அன்றைக்கே இறங்கி கிளினிக் போகலாம். தாகானில் இரண்டாம் நாள் முகாமில் இது வந்தால் ஏற்றம் தொடங்கும் அடிவாரமான மெராப்போவுக்கு இறங்குவதே பெரும்பாடு.

ஆகவே தண்ணீருக்கு நிறுத்தும்போதே, “பெண்கள் முன்னால் போங்கள், ஆண்கள் இங்கேயே உட்காருங்கள், பத்து நிமிடம்” என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒதுங்கப் போகிறவர் தனியே போகக் கூடாது, பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், கடைசியாக வருபவர் அந்தப் பையைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு விதி வையுங்கள். 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி ஒதுங்குவதற்காகப் பாதையைவிட்டு விலகி, திரும்பும் வழி தெரியாமல் காட்டிலேயே இறந்துபோனார். உடல் கிடைத்தது 2015இல். அனுபவம் உள்ளவர்தான் அவர். நம் காட்டில் பத்தடி உள்ளே போனாலே பாதை கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரால் கழுவும் பழக்கம் நமக்கு உண்டு, நல்லதுதான். ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் போதும். முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவி, சிறு துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு காற்சட்டையை ஏற்றினால் கழுவியும் பலன் இல்லை. அந்தத் துணியைப் பையின் வெளிப்பக்கம் கட்டிவைத்தால் காற்றுபடும். வாசனை போட்ட கழுவு திரவம் எதுவும் பெண்ணுறுப்புக்குள் போக வேண்டியதில்லை. உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வெட் டிஷ்யூ கொண்டுவருபவர்கள் அதைக் காட்டில் போடக் கூடாது. பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, மக்காது.

சரி, உள்ளாடைக்கு வருகிறேன். இதைத்தான் யாருமே பேசுவதில்லை.

பருத்திதான் நல்லது என்று அம்மாவும் சொல்லியிருப்பார், டாக்டரும் சொல்லியிருப்பார். வீட்டில், ஆபீசில் அது சரி. மலையில் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. எட்டு மணி நேரம் நனைந்த துணி தொடை இடுக்கில் உரசினால் தோல் உரியும்; சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்று வரும், அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். பாலியெஸ்டர் இழை தன் எடையில் 1 விழுக்காடு ஈரத்தைக்கூட உறிஞ்சாது, அதனால் சீக்கிரம் காயும். நடக்கும்போது மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அடிப்பகுதியில் மட்டும் பருத்தி வைத்துத் தைத்தது. படுக்கும்போது தளர்வான பருத்தி. இப்படி மாற்றிக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். தொடைவரை நீண்ட வகை இன்னும் நல்லது, தொடை ஒன்றோடொன்று உரசாது. லேஸ், தடித்த எலாஸ்டிக், இடுப்பில் முடிச்சு போன்றவற்றை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும், பையின் இடுப்புப் பட்டை சரியாக அங்கேதான் அழுத்தும். கிளம்புமுன் தொடை இடுக்கில் வேஸ்லின் தடவிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டியாகிவிடும்.

ஸ்போர்ட்ஸ் பிராவும் அப்படியே. கம்பியும் பின்பக்கக் கொக்கியும் உள்ளதைப் போட்டால் பை அதைத் தோலுக்குள் அழுத்தும். தலைவழியாக மாட்டும் இறுக்கமான வகை நனைந்துவிட்டால் களைத்துப்போன கையால் கழற்றவே முடியாது. முன்பக்கம் ஜிப் வைத்தது நல்லது. மார்புக்குக் கீழே ஈரம் தங்கி வரும் பூஞ்சைப் புண் பற்றிப் பெண்கள் வாய்திறப்பதே இல்லை. முகாமுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டுத் தளர்வான டீசட்டையோடு இருக்கக் கூச்சமில்லாத சூழல் வேண்டும். அந்தச் சூழலை உருவாக்குவது உங்கள் கையில் இருக்கிறது, அண்ணன்மாரே. யாராவது கிண்டலாக ஒரு வார்த்தை சொன்னால் அந்த இடத்திலேயே நீங்கள் தடுக்க வேண்டும்.

எத்தனை கொண்டுவருவது? நாளுக்கு ஒன்று, உபரியாக ஒன்று, தூங்குவதற்கென்று ஜிப் பையில் போட்டு நனையாமல் வைத்த ஒன்று. மெல்லிய உள்ளாடை ஒன்று சுமார் 30 கிராம்தான். எடை குறையுங்கள் என்று நீங்கள் சொல்லும்போது புதிய பெண்கள் முதலில் இதில்தான் கைவைக்கிறார்கள். ஒரு மேகி பாக்கெட்டை விட்டுவரச் சொல்லுங்கள், இதை விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி காயப்போடுவது. நம் வீடுகளில் பெண்களின் உள்ளாடையைத் துண்டுக்கு அடியில், பாவாடைக்கு உள்ளே மறைத்துத்தான் கொடியில் போடுவோம். செந்தூல் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியிலும் அப்படித்தான். வெயிலடிக்கும் ஊரில் மறைத்துப் போட்டாலும் ஒருவழியாகக் காய்ந்துவிடும். காட்டுக்குள் இரவில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். அங்கே மறைத்துப் போட்டது காலையில் அப்படியே சொதசொதவென்று இருக்கும். அதையே அவள் மறுபடி போட்டுக்கொண்டு நடக்கிறாள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு போகிறாள். ஆண்களின் ஜட்டி மட்டும் முகாம் முழுக்கக் கயிற்றில் ஆடுகிறது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கூடாரம் போடும்போதே பெண்கள் பக்கம் ஒரு கொடியும் பத்துக் கிளிப்பும் கட்டிக்கொடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். துவைத்ததை உலர்ந்த துண்டில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் நிறைய ஈரம் போய்விடும், அதையும் கற்றுக்கொடுக்கலாம். காலையிலும் காயவில்லை என்றால் பையின் வெளிப்பக்க வலையில் மாட்டி, மரங்கள் விலகும் முகட்டில் வெயில் படவிடுவதுதான் வழி. அதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

குளிக்கவும் உடை மாற்றவும் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம், ஒரு பாத்தேக் கைலி போதும். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் கைலியை மாரளவு கட்டிக்கொண்டு ஆற்றில் குளித்து, அதற்குள்ளேயே உடை மாற்றி, வீட்டுக்கு நடந்து வந்தவர்கள். பட்டியலில் கைலி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சோப்பு போடுவதென்றால், மக்கும் சோப்பாகவே இருந்தாலும், ஆற்றிலிருந்து 60 மீட்டர் தள்ளிப்போய்த்தான் போட வேண்டும்.

மாதவிடாய். அந்த நேரத்தில் காட்டுக்குள் வரக் கூடாது என்று சில வழிகாட்டிகளும் நம் பெரியவர்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு நான் சண்டைக்கு வரவில்லை. வருவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பயணத்தில், கூட்டத்துக்கு நடுவே, “தள்ளிப்போடும் மாத்திரை போட்டுக்கிட்டு வா” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கோயில் திருவிழாவுக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அது ஹார்மோன் மாத்திரை. மாதவிடாய்க்குச் சில நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும். இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் சொல்ல வேண்டியதைக் குழுத் தலைவர் சொல்லக் கூடாது.

இரத்தத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும் மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவர்கள் அதிகபட்சம் 12 மணி நேரம் வைத்திருக்கலாம், குப்பையும் சேராது. ஆனால் அதை முதன்முதலாக மலையில் முயலக் கூடாது. வீட்டில் பழகியிருக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வழி இருக்க வேண்டும். உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருளான டம்போன் என்றால் 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதனால் வரக்கூடிய நச்சு அதிர்ச்சி நோய் (கிருமியின் நச்சு உடலில் பரவுவது) அரிதானாலும் உயிரை எடுப்பது. பேட் போடுபவர்கள்தான் நம்மில் அதிகம். பேடை அலசித்தான் எறிய வேண்டும் என்று வீட்டில் பலருக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை ஆற்றில் செய்யாதீர்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கீழே இன்னொரு குழு அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்துக் குடிக்கிறது. அலசித்தான் ஆக வேண்டும் என்றால் பாட்டிலில் தண்ணீர் எடுத்துத் தள்ளிப்போய், குழி தோண்டி அதற்குள் ஊற்றலாம். பேடைப் புதைக்கக் கூடாது, பன்றி தோண்டிப் போட்டுவிடும். அலுமினியத் தாளில் சுற்றி, இரண்டு ஜிப் பைக்குள், கொஞ்சம் காய்ந்த டீத்தூளோடு வைத்தால் வாடை தெரியாது. உள்ளே இருப்பது வெளியே தெரியாத கறுப்புப் பை ஒன்றை ஒவ்வொரு பெண்ணுக்கும் குழுவே கொடுத்துவிட்டால் என்ன? தேவையோ இல்லையோ, எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் யாரும் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை.

மெராப்போவில் உள்ளே கொண்டுபோகும் பொருள்களைப் பதிவுசெய்து, திரும்பி வரும்போது சரிபார்க்கிறார்கள். குப்பை காட்டில் தங்கக் கூடாது என்பதற்காகத்தான், நல்ல விதி. ஆனால் இருபது பேர் சூழ்ந்து நிற்க ஒரு பெண் தன் பேடை எடுத்து எண்ணிக் காட்டும்படி ஆகிவிடக் கூடாது. பெண்கள் பையைத் தனி வரிசையில் வைத்து, ஒரு பெண் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்படி முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துவிடலாம். அந்தப் பெண் பொறுப்பாளர் ஒவ்வொரு பயணத்திலும் இருக்க வேண்டும். அவர் பெயரும் எண்ணும் பொருள் பட்டியலின் மேலேயே இருக்கட்டும்.

அடுத்த நுவாங் பயணத்தின் விளக்கக் கூட்டத்தில் இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், ஆண்களையும் உட்காரவைத்து. பேச ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். கைலி, கொடிக் கயிறு, கறுப்புப் பை, உள்ளாடை எல்லாம் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் காட்டுகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு நடக்கும் ஒருத்தி,
செந்தூல், கோலாலம்பூர்