உதவிப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேருங்கள்: ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் அணிகளை நடத்தும் பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும், விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும்,

வணக்கம். ஒரு பல்கலைக்கழக ஊரில், ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) அணியில் ஆடும் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவளாக ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் நான் அதிகம் பேசிப் பழகியது தலைமைப் பயிற்சியாளர்களிடம் அல்ல, உதவிப் பயிற்சியாளர்களிடம்தான். அவர்களை நீங்கள் வேலையிலிருந்து அனுப்பும் விதம் மாற வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோரும் இதை அறிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

எங்கள் அணியின் அஃபென்சிவ் லைன், அதாவது பந்து வைத்திருப்பவரைக் காக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்களின் பயிற்சியாளரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி வகுப்பு தொடங்கும் முன்பே, கையில் சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்பேட்டுடன் அவர் தாழ்வாரத்தில் நிற்பார். முந்நூறு பவுண்டு எடையுள்ள பையன்கள் தூக்கம் கலையாத முகத்தோடு ஒவ்வொருவராக உள்ளே போகப் போக, அவரவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். யாராவது வராவிட்டால் நேராக விடுதிக்குப் போய் அறைக் கதவைத் தட்டுவார். மாலையில் என்னிடம் வந்து, "இந்தப் பையனுக்குக் கணக்கு புரியவில்லையா, இல்லை கேட்கக் கூச்சப்படுகிறானா?" என்று விசாரிப்பார். நள்ளிரவு வரை ஆட்டப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் வகுப்பு வாசலில் நிற்பவர் அவர். மாணவர்களைப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணி வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதி வைத்திருக்கிறது. பயிற்சியாளர்களின் நேரத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

ஒரு நவம்பரில், பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், தலைமைப் பயிற்சியாளரை நிர்வாகம் நீக்கியது. அணி தோற்றுக்கொண்டிருந்தது, அந்த முடிவில் நான் குறை காணவில்லை. ஆனால் பள்ளி முடிக்கும் பையன்கள் எந்தக் கல்லூரி அணியில் சேர்வது என்று கையெழுத்திடும் நாள் வரப்போகிறது என்பதால், எங்கள் உதவிப் பயிற்சியாளர்களை மட்டும் இருந்து, அந்தப் பையன்களின் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அந்த அஃபென்சிவ் லைன் பயிற்சியாளரும் பேசினார். "உங்கள் மகனை இங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்று தாய்மார்களுக்கு உறுதி சொன்னார். பையன்கள் கையெழுத்திட்ட மறுநாளே அவருடைய அடையாள அட்டைக்குக் கட்டடத்தின் கதவு திறக்கவில்லை. அப்போது அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். மருத்துவக் காப்பீடு அம்மாதக் கடைசியோடு முடிகிறது என்றும், முழுப் பிரீமியத்தையும் தாமே கட்டினால் சட்டப்படி பதினெட்டு மாதம் தொடரலாம் என்றும் ஒரு கடிதம் வந்தது. சம்பளமே நின்றுபோன வீட்டுக்கு வந்த கடிதம் அது.

போகும்போது அந்தக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் டிசம்பர் தேர்வுகளின் நேரமும், எந்தப் பையனை யார் எழுப்ப வேண்டும் என்பதும் எழுதியிருந்தது.

இது ஒரு ஊரின் கதை மட்டும் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். தலைமைப் பயிற்சியாளருக்கு ஐந்து, ஆறு ஆண்டு ஒப்பந்தம் எழுதுகிறீர்கள். உதவிப் பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுதான். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். இனி வேலை செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கே இவ்வளவு கொடுக்க முடிகிற இடத்தில், ஒரு பிரிவு ஆட்டக்காரர்களை மட்டும் கவனிக்கும் நிலைப் பயிற்சியாளர் ஒருவரின் ஆறு மாதச் சம்பளம் பெரிய சுமையாக இருக்க முடியாது. பெரிய அணிகளில் தாக்குதல் ஆட்டத்தையோ தடுப்பு ஆட்டத்தையோ முழுதாகக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் சிலர் ஆண்டுக்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள் என்பதை அறிவேன். அவர்களுக்காக நான் வழக்காட வரவில்லை. சிறிய அணிகளில் ஒரு லட்சம் டாலரைத் தொடாதவர்களும், அவர்களுக்கும் கீழே கல்விக் கட்டணச் சலுகைக்கும் சிறு உதவித்தொகைக்கும், மேற்படிப்பு படித்துக்கொண்டே உழைக்கும் கிராஜுவேட் அசிஸ்டென்ட்களும்தான் என் கண்முன் நிற்கிறார்கள்.

நாட்காட்டியும் அவர்களுக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. முன்பு பிப்ரவரியில் மட்டும் இருந்த கையெழுத்து நாளுக்கு முன்னதாக, 2017ல் டிசம்பரிலும் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். 2024ல் அதை டிசம்பரின் முதல் புதன்கிழமைக்கு நகர்த்தினீர்கள். வழக்கமான பருவம் நவம்பர் கடைசியில் முடிகிறது. ஆகவே ஒரு பையனின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தவர் வேலை இழப்பதும், அந்தப் பையன் அவரை நம்பிக் கையெழுத்திடுவதும் ஒரே வாரத்தில் நடந்துவிடுகின்றன. உதவிப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கையை 2018ல் பத்தாக உயர்த்தினீர்கள். 2024ல் களத்தில் அணியின் ஊழியர் யார் வேண்டுமானாலும் பயிற்சி தரலாம் என்று வரம்பையே எடுத்துவிட்டீர்கள். ஆட்களைச் சேர்க்கும் விதிகள் இத்தனை முறை மாறியிருக்கின்றன.

வீடு வீடாகப் போய் மாணவர்களைச் சேர்க்கும் இந்த வேலையின் பாரம் எத்தகையது என்பதற்கு மார்ஷல் பல்கலைக்கழகத்தின் ரெட் டாசனை விட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1970 நவம்பர் 14 அன்று ஈஸ்ட் கரோலைனாவுடன் ஆடிவிட்டுத் திரும்பிய அணியின் விமானம் விழுந்து 75 பேரும் இறந்தார்கள். அவர்களில் 37 பேர் ஆட்டக்காரர்கள். உதவிப் பயிற்சியாளர் டாசன் அதில் இல்லை. மாணவர் சேர்ப்புக்காக இன்னொரு பயிற்சியாளரோடு காரில் போய்க்கொண்டிருந்தார். வர்ஜீனியாவில் ஒரு சிற்றூர்க் கடையில் அவித்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தபோது வானொலியில் செய்தியைக் கேட்டார்கள். டாசன் அடுத்த ஓராண்டு மட்டும் பயிற்சியாளராக இருந்து புதிய அணியைக் கட்ட உதவிவிட்டு, அத்தொழிலையே விட்டுவிட்டார்.

சட்டத்தின் பக்கமிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மிகைநேர ஊதியம் தர வேண்டாத ஆசிரியர்களின் பட்டியலில் கல்லூரிப் பயிற்சியாளர்களையும் சேர்க்கலாம் என்று மத்தியத் தொழிலாளர் துறை வழிகாட்டுகிறது. ஆனால் விளையாட்டைக் கற்பிப்பதே அவர்களின் முதன்மை வேலையாக இருக்க வேண்டும். ஆள் சேர்ப்பதையே முதன்மை வேலையாகச் செய்பவரை ஆசிரியர் என்று கொள்ள முடியாது என்பதையும் அதே துறை சொல்கிறது. எனவே அவர்களை ஆசிரியர்களாகக் கருதி மிகைநேர ஊதியத்தைத் தவிர்க்கும் நிறுவனம், அனுப்பும்போதும் அவர்களை ஆசிரியர்களாகவே நடத்த வேண்டும். முழுநேர ஆசிரியர் ஒருவரைத் தேர்வு வாரத்தில் திடீரென்று வெளியேற்றி, அம்மாதக் கடைசியோடு காப்பீட்டையும் நிறுத்த உங்களில் எத்தனை பேர் துணிவீர்கள்?

இதையெல்லாம் விளையாட்டுச் சங்கமே ஒரே விதியாகச் செய்யட்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். பயிற்சியாளர் ஊதியத்தில் சங்கம் கைவைத்த கதை உங்களுக்கு மறந்திருக்காது. கூடைப்பந்து உள்ளிட்ட ஆட்டங்களில் கடைநிலைப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு 16,000 டாலர் என்று சங்கம் வைத்த உச்சவரம்பு போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1998ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மறுவருடம் 5.45 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது சங்கம். உங்கள் சொந்த ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைச் சேர்க்க யாருடைய விதியும் தேவையில்லை.

புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளர் தமக்குப் பழக்கமானவர்களை அழைத்து வருவது நியாயம்தான். உதவிப் பயிற்சியாளர்களும் நல்ல வாய்ப்பு வந்தால் பாதியில் கிளம்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. அப்படிப் போகிறவர் தொகை கட்ட வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதிவைத்திருக்கிறீர்கள். அதே காகிதத்தில் மறுபக்கத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியபோது, மீதிப் பருவத்தை ஏற்று நடத்தியவர் கார்னர்பேக் (எதிரணியில் பந்து பிடிப்பவரைத் தடுக்கும் ஆட்டக்காரர்) பயிற்சியாளர் டெர்ரி ஸ்மித், அதே அணியில் ஒரு காலத்தில் ஆடியவர். தலை போனபின் அணியைத் தாங்கிப் பிடிப்பவர்கள் இவர்கள் என்பதற்காகவாவது அந்த வரியை எழுதுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டாலோ விலகினாலோ, அவருடன் பணியாற்றிய உதவிப் பயிற்சியாளர்களுக்கும் கிராஜுவேட் அசிஸ்டென்ட்களுக்கும், வேறு வேலை கிடைக்கும் வரை அல்லது அக்கல்வி ஆண்டின் ஜூன் 30 வரை, சம்பளமும் குடும்பக் காப்பீடும் கல்விக் கட்டணச் சலுகையும் தொடர வேண்டும். கையெழுத்து நாள் வரை இருந்து வேலை செய்யும்படி நீங்கள் யாரிடம் சொல்கிறீர்களோ அவரிடம், அதற்குப் பின் அவருக்கு இடம் உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். அந்த வாரம் அவர் பேசப்போகும் தாய்மார்களிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு அனுமதியும் வேண்டும்.

ஜனவரியில் பயிற்சியாளர்களின் ஆண்டு மாநாடு கூடும்போது, விடுதி முகப்பில் தம் விவரக் குறிப்புகளோடு வேலை தேடி நிற்பவர்களை நீங்களும் பார்ப்பீர்கள். புதிய ஒப்பந்தங்களை நீங்கள் எழுதுவதும் அந்த வாரங்களில்தான். அப்போதே இந்தப் பத்தியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அணி மாணவர்களின் முன்னாள் கணித ஆசிரியை