மயில் கவுனைப் பற்றிக் கேட்ட செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைய இந்திய வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி, அதாவது லேடி கர்சன் உடுத்திய மயில் கவுன்தான் அது. இங்கிலாந்தில் டெர்பிஷையரில் உள்ள கெடில்ஸ்டன் ஹால் மாளிகையில் இருக்கிறது. "பாரிஸ்ல வொர்த் கம்பெனி தச்சதாமே, ஒவ்வொரு மயிற்கண்ணுக்கும் நடுவுல இருக்கிறது மரகதமா அக்கா? நான் ஒரு சாம்பிள் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

மரகதம் இல்லை, பொன்வண்டின் ஓடு. ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்க்குமே, அந்த வண்டினம்தான். பார்க்கிறவர்கள் மரகதம் என்று ஏமாறுவது உனக்கு மட்டும் நடந்ததில்லை. "பாரிஸ்ல தச்சது" என்பதும் பாதிதான் சரி. அந்தக் கவுனில் கண்ணுக்குத் தெரிகிற மினுமினுப்பெல்லாம் டெல்லியில் போட்டது. கிஷன் சந்த் என்பவரின் பட்டறையில் சிஃபான் துணியில் தங்க, வெள்ளி ஜரிகையால் ஜர்தோசி வேலை செய்து, துண்டு துண்டாகக் கப்பலேற்றிப் பாரிசுக்கு அனுப்பினார்கள். அங்கே வொர்த் உடை நிறுவனத்தின் ழான் ஃபிலிப் வொர்த் அவற்றை இணைத்து, நீண்ட பின்தொங்கல் வைத்து, கீழ் ஓரத்தில் வெள்ளைச் சிஃபான் ரோஜாக்களைச் சேர்த்துக் கவுனாக்கினார். 1903 ஜனவரியில், பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டைக் கொண்டாடிய டெல்லி தர்பாரில், செங்கோட்டையில் நடந்த நடன விருந்துக்கு மேரி கர்சன் அதை உடுத்தினார். முகலாயரின் மயிலாசனம் முன்பு இருந்த கோட்டை அது. 1739இல் பாரசீக மன்னன் நாதிர் ஷா அந்த ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். காலியான இடத்தில் வைஸ்ராயின் மனைவி மயில் உடுத்தி நின்றது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இந்தியாவில் எம்பிராய்டரி, பாரிசில் தையல் என்பது அந்தம்மாவுக்குப் பழகிய வழி. 1902இல் எட்வர்டின் மனைவி, அரசி அலெக்சாண்ட்ராவின் முடிசூட்டு உடைக்கான துணியையும் அவர்தான் இந்தியாவில் வேலை செய்ய வைத்தார். அதைத் தைத்தது பாரிசின் மொரேன் பிளோசியே நிறுவனம்.

நீயும் கொக்கி ஊசியால் போடும் ஆரி ப்ளவுஸில் இதே வரிசையில்தான் வேலை செய்கிறாய். முதலில் வேலைப்பாடு, பிறகு வெட்டு, கடைசியில் தையல். பாரிஸ் பட்டறைகளின் முறையும் அதுதான். முதலில் கோரா துணியில் மாதிரி தைத்து, உடம்பில் போட்டுத் திருத்துவார்கள். திருத்திய அளவைப் பட்டுத்துணியில் நூலோட்டி வரைந்து, வெட்டாமலேயே ஃப்ரேமில் ஏற்றுவார்கள். கனமான ஜரிகை வேலை துணியை உள்ளே இழுக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ப்ளவுஸ் பின்கழுத்தில் நெருக்கமாகப் போட்டாலே கால் இன்ச், அரை இன்ச் குறைந்துவிடுகிறதே. முழுப் பாவாடை முழுக்க வேலை என்றால் யோசித்துக்கொள். அதனால் நாலு பக்கமும் குறைந்தது ஒன்றரை இன்ச் கூடுதலாக விட்டு, ஃப்ரேமிலிருந்து இறக்கி ஒரு ராத்திரி தட்டையாகப் போட்டு வைத்து, காலையில் மாதிரியை மறுபடி வைத்துப் பார்த்த பிறகே கத்தரி எடு.

சிஃபானை நேராக ஃப்ரேமில் இழுத்துக் கட்டாதே. ஓரம் பிய்ந்துவிடும். நாலு ஓரத்திலும் இரண்டு இன்ச் அகலக் காடாத்துணிப் பட்டை தைத்து, அந்தப் பட்டையை இழுத்துக் கட்டு. இழை கோணினால் மயிலிறகு வடிவமும் கோணும், ஆகவே கட்டி முடித்ததும் நெடுக்கிழையும் குறுக்கிழையும் நேராக இருக்கின்றனவா என்று பார். ரொம்ப இழுத்தாலும் தொல்லைதான். கழற்றியதும் துணி பழைய அளவுக்குச் சுருங்கி, வேலைப்பாடு கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். ட்ரேசிங் பேப்பரில் ஓட்டை போட்டு மண்ணெண்ணெயும் பவுடரும் தேய்ப்பாய் அல்லவா, சிஃபானில் அது பரவிவிடும். பஞ்சை நன்றாகப் பிழிந்து, ஒரே ஒரு முறை தேய்.

இந்த வேலைக்கு ஆரி ஊசியை விட்டுவிட்டுச் சாதா ஊசியை எடு என்றுதான் சொல்வேன். ஆரிச் சங்கிலித் தையல் வேகமானது, ஆனால் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசையே கழன்று வரும். கனம் தொங்குகிற உடையில் அது ஆபத்து. ஜர்தோசி ஸ்பிரிங்கை, அதாவது சுருளாகச் சுற்றிய மெல்லிய ஜரிகைக் கம்பியை, துண்டு துண்டாக வெட்டி, மணி கோக்கிற மாதிரி ஊசியில் கோத்து, ஒவ்வொன்றையும் தனியாகப் பதித்தால் போனாலும் ஒன்றுதான் போகும். துண்டு ஒரு துளி நீளமானால் வில்லாக வளைந்து எழும்பும், குட்டையானால் இரண்டு முனையிலும் நூல் தெரியும். முழு ஜரிகை நூலைத் துணிக்குள் விட்டு எடுக்காதே. மேலே படுக்க வைத்து, மெல்லிய மஞ்சள் பட்டு நூலால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு பிடி பிடி. அந்த நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் வெட்டு முனை அதை அறுத்துவிடும்.

இனி பொன்வண்டு. நாம் இறக்கை என்று சொல்வது பறக்கிற இறக்கை இல்லை, அதை மூடியிருக்கும் மேல் ஓடு. ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம், உள்ளே குழிந்திருக்கும். இன்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் தாய்லாந்துச் சரக்கு. அங்கே இந்த வண்டைச் சாப்பிடுவதும் உண்டு. நம் பக்கத்திலும் இந்த வேலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளை மஸ்லினில் ஜரிகையோடு பொன்வண்டு ஓடு பதித்த துணிகள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் தயாராகி, வெள்ளைக்காரப் பெண்களின் கவுன்களுக்குப் போயின.

காய்ந்த ஓட்டில் ஊசி குத்தினால் விரிசல் விடும். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்து, ஐந்து நிமிடம் ஆவியில் வை. நகம் போல வளையும். அந்தச் சூட்டிலேயே சிறு கத்தரியால் தடித்த அடிமுனையை நறுக்கி, கண் வடிவத்துக்குக் கொண்டுவா. 10ஆம் நம்பர் ஊசியால் இரு முனையிலும் ஓட்டை போடு. விளிம்புக்கும் ஓட்டைக்கும் இரண்டு மில்லிமீட்டராவது இருக்கட்டும், கிட்டத்தில் போட்டால் கிழியும். ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் வேகவைக்காதே. ஆறினால் மறுபடி விறைத்துக்கொள்ளும்.

தைக்கும்போது இறுக்கிவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. ஓடு குழிந்தது, நூலை இழுத்தால் தட்டையாகப் பார்க்கும், ஓட்டைக்கிட்டே பிளக்கும். நூலைக் கொஞ்சம் தளர விட்டு, சுற்றிலும் ஸ்பிரிங்கை நெருக்கிப் பதி. ஓட்டை மறையவும் வேண்டும், ஓடு அசையாமல் நிற்கவும் வேண்டும். இரண்டையும் அந்த ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். இறகு முழுவதும் முடிந்த பிறகுதான் ஓடு. முதலிலேயே வைத்தால் உன் மணிக்கட்டே அதை உடைத்துவிடும்.

அப்படியானால் பாரிசுக்கு என்ன வேலை என்று கேட்பாய். அந்தக் கவுன் சுமார் 4.5 கிலோ. கல்யாணப் பட்டு நாலைந்தைச் சேர்த்துத் தூக்கினால் வருகிற எடை. அதைச் சிஃபான் தாங்காது, தோளும் தாங்காது, இடுப்புதான் தாங்கியாக வேண்டும். அந்தக் காலத்து வொர்த் மேலுடைகளைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் இடுப்பளவில் ஒரு கெட்டி நாடாப் பட்டை இருக்கும். சில தையல்களில் மட்டும் பிடித்திருக்கும், மற்ற இடமெல்லாம் சும்மா விட்டிருக்கும். உடுத்தும்போது முதலில் அந்தப் பட்டையின் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் மேலுடையை மூடுவார்கள். பட்டை உடையை இடுப்பில் நிறுத்திவிடும், வெளித்துணி இழுபடாமல் கிடக்கும். நீ தைத்தால் இடுப்பளவைவிட ஒரு சென்டிமீட்டர் குறைத்து வை. தளர்ந்தால் அது இருந்தும் பயனில்லை. தையல்களின் மேல் துணிக்குழல் வைத்து, திமிங்கிலத்தின் வாயில் உள்ள வளையும் தகட்டைச் செருகியிருப்பார்கள். இன்று சுருள் எஃகுக் கம்பி போதும். கம்பி முனை தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாலேயே நிற்கட்டும், இல்லாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

பாவாடைத் துண்டுகள் மேலே குறுகி, கீழே விரிந்தவை. அவற்றின் ஓரம் கொஞ்சம் குறுக்கு வெட்டாக வரும், ஜரிகைக் கனத்தில் நீண்டுகொண்டே போகும். அதனால் தையலோடு நேர் இழையில் வெட்டிய மெல்லிய நாடாவைச் சேர்த்துத் தை. கீழ் ஓரத்தை மடிப்பதற்கு முன் ஒருநாள் முழுக்கத் தொங்கவிடு. அந்த வெள்ளை ரோஜாக்கள் அழகுக்கு மட்டுமில்லை என்பது என் எண்ணம். ஜரிகை ஓரம் தரையில் உரசினால் அறுந்துவிடும், சிஃபான் பூ உரசினால் கசங்கத்தான் செய்யும்.

இவ்வளவு வேலைக்கும் பெயர் யாருக்கு? வொர்த்தின் கையெழுத்தை நெய்த லேபிளை அந்த இடுப்புப் பட்டையில்தான் வைப்பது வழக்கம். டெல்லியில் ஃப்ரேமுக்கு முன் குனிந்து உட்கார்ந்தவர்கள் பெயர் எந்த உடையிலும் இல்லை. பட்டறை முதலாளி பெயராவது மிஞ்சியிருக்கிறதே என்றுதான் ஆறுதல்படவேண்டும்.

படத்தில் ஜரிகை மங்கலாகத் தெரிகிறது என்றாயே, வெள்ளி கறுத்துப்போனதுதான் காரணம். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது, மேலே பூசிய தங்கம் மெல்லியதாக இருந்தால் அதையும் தாண்டி வரும். ஓடுகள் மட்டும் அன்றைக்குப் போலவே பச்சையும் நீலமுமாக மின்னுகின்றன. அதில் வெளுத்துப்போக சாயமே கிடையாது. ஓட்டின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதில் பிறக்கும் நிறம் அது. சாய்த்துப் பார், பச்சை நீலமாகும். உன் சாம்பிளைப் பாலிதீனிலும் வைக்காதே, ரப்பர் பேண்டும் போடாதே. துவைத்த பருத்தித் துணியில் மடிக்காமல் சுற்றி வை. இஸ்திரிப் பெட்டி பக்கத்தில்கூட வரக்கூடாது.

ஒரு அடிச் சதுரச் சிஃபானில் ஒரே ஓர் இறகு போடு, முதல் தடவைக்கு அது போதும். ஓடு குறைந்தது பத்து வாங்கிக்கொள், பாதி உடையும். முடித்ததும் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. சிஃபானில் ஓர் இறகுக்கண்ணிலிருந்து அடுத்ததற்கு நூலைத் தாண்டவிட்டால் முன்பக்கம் நிழலாகத் தெரியும், எங்கே தாண்டியிருக்கிறாய் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா