பார்த்தது, கணித்தது, கேட்டது: பழைய மடக்குக் கத்தி வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

சேகரிப்புக்காக மடக்குக் கத்தி வாங்குபவர்கள் எங்களுக்கு எழுதும்போது ஒரே கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்கிறார்கள்: "விவரத்தில் இப்படிப் போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?" வேறெங்கோ விற்பனைக்கு வந்த கத்தியின் படத்தை அனுப்பிக் கேட்பவர்கள் உண்டு. எங்கள் பட்டியலையே சுட்டிக் கேட்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறோம். இனி எங்கள் பட்டியலில் விவரம் எழுதும் முறையும் மாறுகிறது. அந்த மாற்றம் ஏன் என்பதும் இதிலேயே விளங்கும்.

போலிச் சரக்கைத் தெரிந்தே விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் பார்க்கும் தவறான விவரங்களில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. மேசை இழுப்பறையில் ஒரு பழைய கத்தி கிடைக்கிறது. விற்பவருக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. அதேபோல் தோன்றும் இன்னொரு கத்தியின் விளம்பரத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார். அதைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார். முதல் ஆள் "இருக்கலாம்" என்று எழுதியது மூன்றாவது ஆளிடம் வரும்போது "இதுதான்" என்றாகிவிடுகிறது.

கத்தியைப்பற்றி எழுதும் எந்த வாக்கியமும் மூன்றில் ஒன்றுதான்: கண்ணால் பார்த்தது, பார்த்ததை வைத்துக் கணித்தது, யாரோ சொல்லக் கேட்டது. "அலகின் அடியில் மூன்று புள்ளிகள் உள்ளன" என்பது பார்த்தது. "ஆகவே 1977ல் செய்தது" என்பது கணித்தது. "முதல் சொந்தக்காரர் இதை ஒருநாளும் பயன்படுத்தவில்லை" என்பது கேட்டது. மூன்றையும் ஒரே உறுதியோடு எழுதும்போதுதான் வாங்குபவர் ஏமாறுகிறார்.

அந்த மூன்று புள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் என்ற கத்தி நிறுவனம், அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில் தன் பெயரைப் பொறிக்கும். சேகரிப்பாளர்கள் இந்த இடத்தை 'டாங்' என்பார்கள். 1970ல் பெயருக்குக் கீழே 10 புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979ல் ஒரே புள்ளிக்கு வந்தார்கள். 1980ல் பெயரில் உள்ள 'எஸ்' எழுத்தை மின்னல் கோடுபோல் மாற்றி, மறுபடி 10 புள்ளிகளில் தொடங்கினார்கள். எனவே மூன்று புள்ளி என்றால் 1977 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவத்தைப் பார்க்காமல் ஆண்டைச் சொல்ல முடியாது. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. 1965 முதல் 1969 வரை முத்திரையில் புள்ளியே கிடையாது. புள்ளிகளோ மிகச் சிறியவை. மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்தால் மழுங்கி மறைந்துபோகும். 1970களின் கத்தி ஒன்று மெருகேறி வந்ததும் 1960களின் கத்தியாக விலை கேட்கும்! புள்ளி இல்லை என்று யாராவது சொன்னால், எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்தே கரைந்திருந்தால் புள்ளி இல்லாததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

டாங்கின் மறுபக்கத்தில் இருக்கும் எண்ணும் இப்படித்தான். 6254 என்றால் 6 பிடியின் வகை, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 கத்தி வடிவின் எண். 6 என்றால் எலும்புப் பிடி என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நிறுவனம் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் எலும்புபோல் வரி வெட்டிய பிடிகளுக்கும் அதே 6ஐப் பொறித்திருக்கிறது. விற்பவர் எண்ணைப் படித்துவிட்டு "எலும்பு" என்று எழுதினால், பிடியை அவர் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்திருக்கிறார்.

எலும்பையும் டெல்ரினையும் பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். எலும்பு, உயிருள்ள மாட்டின் காலில் இரத்தம் ஓடிய பொருள். அதன் பரப்பில் ஊசிமுனை அளவு துளைகளும் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் ஒழுங்கின்றித் தெரியும். வார்த்தெடுத்த செயற்கைப் பொருளில் அவை இருக்காது. பள்ளங்களின் அடிகூட ஒரே வழவழப்பாக இருக்கும். இதற்கு எடுத்த படம் கிட்டத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு கை தூரத்தில் எடுத்த படத்தில் எல்லாப் பிடியும் எலும்புதான்.

மான்கொம்பு விஷயத்தில் இன்னும் குழப்பம். மாட்டெலும்பை மான்கொம்புபோல் செதுக்கிச் சாயமேற்றியதை ஆங்கில விளம்பரங்களில் 'போன் ஸ்டாக்' என்பது பழைய வழக்கு. அதைப் படித்துக் கொம்பு என்று நினைத்து வாங்கியவர்கள் பலர். உண்மையான கொம்பின் வெளிப்புறத்தில் இயற்கையான மேடுபள்ளம் இருக்கும். பிடியின் இருபுறமும் ஒன்றுபோல் இருக்காது. கத்தித் தொழிலில் பெரிதும் விரும்பப்பட்டது கடமான் கொம்பு. இந்தியா 1990களின் பிற்பகுதியில் அதன் ஏற்றுமதியைத் தடை செய்தபின் புதிய கொம்பு வரத்து சுருங்கிவிட்டது. ஆகவே "புத்தம் புதிய கடமான் கொம்புப் பிடி" என்று மலிவாக வரும் கத்தியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

'பிரெஞ்ச் ஐவரி' என்று பார்த்தால் யானைத் தந்தம் என்று எண்ண வேண்டாம். அது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். உண்மையான தந்தமும் ஆமை ஓடும் பன்னாட்டு வணிகத் தடைக்கு உட்பட்டவை. எங்களிடம் அவை கிடையாது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் வாங்கித் தரும்படி கேட்காதீர்கள். பிடி எதனால் ஆனது என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் யோசனை ஒன்று உலவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டெனத் தீப்பற்றும் பொருள். பிடி எதுவென்று தெரிந்துவிடும், ஆனால் அப்போது கையில் பிடி இருக்காது.

இனி பெயர்கள். பெயர் ஒன்று, செய்தவர் வேறு என்பது கத்தி உலகில் சர்வசாதாரணம். ரெமிங்டன் முதன்முறை மடக்குக் கத்தி செய்தது 1920 முதல் 1940 வரை. 1982 முதல் அதே பெயரில், அதே பழைய வடிவங்களைத் தழுவி மறுபதிப்புகள் வரத் தொடங்கின. அவற்றையும் சேகரிப்பவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் மறுபதிப்புக்கே இன்று வயது நாற்பதைத் தாண்டிவிட்டதால் அதுவும் "பழைய ரெமிங்டன்" என்று விற்கப்படுகிறது. விற்பவர் பொய் சொல்லவில்லை. வாங்குபவர் மனத்தில் ஓடுவது 1930கள். அரைக்கிறவன் ஒன்று நினைத்து அரைக்க, குடிக்கிறவன் ஒன்று நினைத்துக் குடிக்கிறான் என்பது இந்த வியாபாரத்துக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. ஷ்ரேட் என்ற கத்தி நிறுவனம் 1904ல் தொடங்கியது. அமெரிக்க ஆலை 2004ல் மூடப்பட்டது. பெயர் கைமாறி, அதன்பின் வந்தவை வேறு நாட்டில் செய்தவை. பெட்டியில் 1904 என்று இருப்பதை வைத்துக் கத்திக்கு வயது சொல்லாதீர்கள்.

விக்டோரினாக்ஸும் அப்படியே. 1884 என்பது கார்ல் எல்சனர் பட்டறை தொடங்கிய ஆண்டு. விக்டோரினாக்ஸ் என்ற பெயரே 1921ல்தான் வந்தது. இன்னொன்று, சிவப்புப் பிடியும் கார்க் திருகியும் உள்ள கத்தியைப் பலர் "சுவிஸ் ராணுவம் வழங்கியது" என்று எழுதுகிறார்கள். 1897ல் வந்த அந்த 'அதிகாரி' வகை கடையில் காசு கொடுத்து வாங்கியது. ராணுவம் வீரர்களுக்குக் கொடுத்தது வேறு கத்தி. 1961ல் வந்த மாதிரிக்கு வெள்ளி நிற அலுமினியப் பிடி. பெரிய அலகின் அடியில் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும்.

ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயர் அல்ல. சோலிங்கன் ஜெர்மனியின் ஊர். அந்தப் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது எந்த ஆலை என்று சொல்லாது. லகியோல் பிரான்சின் ஒரு சிற்றூர். அந்தப் பெயரையும் பிடியின் மேலுள்ள ஈ உருவத்தையும் உலகில் எங்கெங்கோ செய்யும் கத்திகளில் காணலாம். எனவே லகியோல் என்று மட்டும் எழுதியிருந்தால் அது கத்தியின் வடிவத்தைத்தான் சொல்கிறது. யார் செய்தது, எங்கே செய்தது என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சில சமயம் ஒரே ஒரு விவரம் முழுக் கதையையும் கவிழ்த்துவிடும். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் அலகைப் பூட்டும் சுழல் வளையம் வந்தது 1955ல். வளையம் உள்ள ஒன்றை "உலகப்போர் காலத்தது" என்று யாராவது எழுதியிருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டுச் சட்டம், 1891ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சந்தைக்குப் போன கத்தியில் 'ஜெர்மனி' என்று இருந்தால் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். பெயர் இல்லாததால் முந்தியது என்று தலைகீழாக வாதிக்க முடியாது.

நிலையைப்பற்றிய சொற்களுக்கு வருவோம். 'மின்ட்' என்ற சொல்லை இன்று "நன்றாக இருக்கிறது" என்ற பொருளில் அள்ளி வீசுகிறார்கள். அமெரிக்க தேசியக் கத்திச் சேகரிப்பாளர் சங்கத்தின் அளவுகோலில் மின்ட் என்றால் ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது. பையில் வைத்துத் திரிந்ததோ சாணை பிடித்ததோ கூடாது. அடுத்த படிகளில் அலகின் தேய்மானம் கணக்கு: 'எக்ஸலன்ட்' என்றால் பத்து சதவீதத்துக்குள், 'வெரி குட்' என்றால் இருபத்தைந்து வரை, 'ஃபேர்' என்றால் பாதி போய்விட்டது. 'வெரி குட்' என்று கேட்டு மகிழ்ந்து வாங்குபவர் அலகின் கால்பங்கு இல்லாத கத்தியை வாங்கியிருக்கலாம், விற்றவர் விதிப்படியே எழுதியிருப்பார்.

தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே மாதிரிக் கத்தியின் பழைய விலைப்பட்டியல் படத்தோடு ஒப்பிட்டு அலகின் அகலத்தைப் பாருங்கள். மடக்கிய நிலையில் நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் பாதி பிடிக்குள் மூழ்கியிருந்தால், உடைந்த முனையைத் தீட்டிவிட்டு, அது வெளியே நீட்டாமல் இருக்க அலகின் அடியை ராவி இறக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இரண்டு அலகுள்ள கத்தியில் ஒன்று பளபளப்பாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், அலகை மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அலகின் மேல் ஆலை பொறித்த மெல்லிய எழுத்தோவியம் முழுமையாக மிஞ்சியிருப்பது நல்ல அறிகுறி. பஃப் சக்கரம் முதலில் தின்பது அதைத்தான்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: இருபுறமும் திறந்த நிலை, மடக்கிய நிலையில் மேலிருந்து, முதுகுப்புறம், ஒவ்வொரு டாங்கின் இரு பக்கமும். பிறகு, அலகுகளைத் திறந்து மூடும் ஒரு சிறு வீடியோ, ஒலியோடு. ஸ்பிரிங் சரியாக இருந்தால் 'டக்' என்று விழும். சோம்பி விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வெறும் காய்ந்த எண்ணெயாகவும் இருக்கலாம். கத்தி கையில் இல்லாமல் அதற்கு மேல் சொல்ல முடியாது. நீளத்தையும் கேளுங்கள்: மடக்கிய நீளமா, அலகின் நீளமா, திறந்த மொத்த நீளமா? படத்தில் வாள்போல் தெரிந்தது உள்ளங்கைக்குள் அடங்கி வந்து சேர்வது இந்தக் கேள்வி கேட்காததால்தான்.

எஃகைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'சர்ஜிகல் ஸ்டீல்' என்பது எந்தத் தரத்தையும் குறிக்காத அலங்காரம். '440' என்ற எஃகு வகை எண் மட்டும் இருந்தால் 440ஏ-யா 440சி-யா என்று கேளுங்கள், கார்பன் அளவில் வித்தியாசம் கணிசம். 'டமாஸ்கஸ்' என்பது எஃகு அடுக்குகளை இணைத்து வரிகள் தெரியச் செய்வது; மலிவாக அந்தப் பெயரில் வரும் அலகுகள் பலவற்றில் வரிகள் மேலே பொறித்தவை மட்டுமே. உப்புத்தாள் பட்டால் போய்விடும்.

விலை விசாரிக்கும்போது விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த தொகையைப் பாருங்கள்.

எங்கள் பட்டியலில் இனி ஒவ்வொரு கத்திக்கும் "பார்த்தது", "கணித்தது", "கேட்டது" என்று மூன்று தலைப்புகள் தனித்தனியாக இருக்கும். முத்திரை, எண், அளவு, விரிசல், துரு, தேய்மானம் எல்லாம் முதல் தலைப்பில், படத்தோடு. ஆண்டும் பிடியின் பொருளும் இரண்டாவதில், எதை வைத்துச் சொல்கிறோம் என்ற காரணத்தோடு. முந்தைய சொந்தக்காரர் சொன்ன கதை மூன்றாவதில். அந்தக் கதைக்காக நாங்கள் விலை ஏற்ற மாட்டோம், நீங்களும் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். முதல் இரண்டில் எது பிசகினாலும் கத்தியைத் திருப்பி அனுப்பலாம், போக வர அனுப்பும் செலவு எங்களுடையது. ஒரே நிபந்தனை, வந்த நிலையிலேயே திரும்ப வேண்டும். ஆசையில் மெருகு போட்டுவிட்டுத் திருப்பாதீர்கள். பழைய எஃகின் மேல் படிந்த சாம்பல் நிறம் அழுக்கல்ல. அதைத் தேய்த்தெடுத்த கத்தியை அடுத்த சேகரிப்பாளர் தொடமாட்டார். செந்துரு இருந்தால் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

கடைசியாக, செல்லுலாய்டுப் பிடியுள்ள கத்தி வாங்கியவர்களுக்கு. அந்தப் பொருள் பழசாகும்போது அமிலம் கலந்த ஆவியை விடும். அந்த ஆவி அதே கத்தியின் அலகையும், பக்கத்தில் இருக்கும் மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். இத்தகைய கத்திகளை நாங்கள் தனிப் பொட்டலமாக, மஞ்சள் சீட்டு ஒட்டி அனுப்புகிறோம். வந்ததும் உறையிலிருந்து எடுத்து, காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில், மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். பிடியில் படிகம்போல் வெடிப்பு தெரிந்தாலோ காரமான வாடை வந்தாலோ படம் எடுத்து எங்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கத்திக் கடையினர்