பால்டிமோரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. பொன்மலை ஒர்க்ஷாப்பிலேயே வாழ்நாளைக் கழித்த நீங்கள் இவ்வூர் ரயிலைப் பற்றிக் கேட்டிருந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் மேற்குப் பகுதித் தானியமெல்லாம் நியூயார்க்குக்குப் போகத் தொடங்க, தங்கள் துறைமுகம் நொடித்துவிடும் என்று அஞ்சிய இவ்வூர் வணிகர்கள் 1827இல் பால்டிமோர்-ஒஹாயோ ரயில்பாதைக்குக் கம்பெனி தொடங்கினார்கள். 1830இல் எலிகாட் மில்ஸ் வரை 13 மைல் வண்டி விட்டபோது அதை இழுத்தவை குதிரைகள். நம்பிக்கையான எஞ்சின் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் மலைகளைத் தாண்டப் புறப்பட்டவர்களின் துணிவை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று உண்டு. பாதை என்றென்றும் நிலைக்க வேண்டுமென்று, முதலில் சில இடங்களில் நீளமான கருங்கற்களைப் பதித்து அவற்றின்மேல் இரும்புப் பட்டைகளை அடித்தார்கள். பனிக்காலத்தில் தரை உறைந்து விம்மியதில் கற்கள் இடம்பெயர்ந்தன. இளக்கமில்லாத கல்மேல் வண்டிகளும் அதிர்ந்தன. பிறகு மரக்கட்டைகளுக்கே திரும்பினார்கள். தண்டவாளத்துக்குக் கீழே சற்று நெகிழ்வு வேண்டும் என்று நீங்கள் சொல்வது எனக்கு நினைவுக்கு வந்தது.

1842இல் பாதை கம்பர்லாந்தை எட்டியதும் அங்கிருந்து நிலக்கரி இறங்கியது. இன்றும் இத்துறைமுகத்திலிருந்து நிலக்கரிக் கப்பல்கள் புறப்படுகின்றன. ஒஹாயோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங்கைத் தொட 1852 கடைசி வரை ஆயிற்று.

கீழ்வீட்டுப் பெரியவரின் முன்னோர் அயர்லாந்திலிருந்து வந்து இப்பாதைக்கு மண் வெட்டியவர்களாம். எந்தக் குளிரிலும் சனிக்கிழமைதோறும் 1829இல் கட்டிய கரோல்டன் கற்பாலத்தருகே நின்று, அதன்மேல் போகும் சரக்குப் பெட்டிகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுகிறார். என்னையும் அழைத்துப்போய், மிளகு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றிக் கொடுத்தார். துணைக்கு அவர் இருப்பதால் அம்மா கவலைப்பட வேண்டாம், நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

இரவில் சரக்கு ரயில் ஊதும்போது நம் ரயில்வே காலனி வீட்டில் படுத்திருப்பதாகவே தோன்றுகிறது. கண் விழித்தால் யாருமில்லை. அம்மா வைக்கும் மிளகுரசத்தின் மணம் வந்ததுபோலிருந்து, நேற்று விடியும்வரை உறக்கமில்லை.

தங்கையின் நிச்சயதார்த்தத்தைச் சித்திரைக்குத் தள்ளி வையுங்கள். இம்மாதம் பணம் சற்றுத் தாமதமாக வரும், வேறொன்றுமில்லை. பெரியத்தையிடம் வாங்கிய கடனுக்கு வட்டியை மட்டும் இப்போது கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பத்திரத்தை மாமா கேட்டாலும் நான் எழுதும்வரை கொடுக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்