ஓர் எண்ணுக்குள் ஒரு நாட்டின் உயிர்வளம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு நாட்டின் பல்லுயிர்வளத்தை ஒரே குறியீட்டெண்ணாகச் சுருக்கித் தரும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதில் மகிழ்ச்சி. அதற்கு எந்த மென்பொருள் ஏற்றது என்று கேட்டிருந்தீர்கள். எவருக்கும் எளிதில் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியிலேயே தேவையானவை எல்லாம் உள்ளன. ஆனால் அதில் எந்த ஆயத்த நிரல் தொகுப்பைத் தேர்ந்தாலும், அதற்குள் யாரோ முன்பே எடுத்து வைத்த முடிவுகளையும் சேர்த்தே நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நார்வே 2010-இல் வெளியிடத் தொடங்கிய இயற்கைக் குறியீட்டைப் பாருங்கள். ஒவ்வொரு உயிரினத்தின் இன்றைய நிலையையும், மனிதக் குறுக்கீடு மிகக் குறைந்த நிலையில் அது எவ்வளவு இருக்கும் என்ற ஒப்பீட்டு மதிப்பால் வகுத்து, 0-இலிருந்து 1-க்குள் ஓர் அளவாக மாற்றுகிறார்கள். ஒப்பீட்டு மதிப்பைத் தாண்டிப் பெருகிய உயிரினத்துக்கும் 1-க்கு மேல் மதிப்பெண் கிடையாது. எனவே ஒன்றின் பெருக்கம் மற்றொன்றின் அழிவை மறைக்க வழியில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வல்லுநர்கள் ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. தங்கள் மதிப்பீடு எந்த எல்லைகளுக்குள் ஊசலாடலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மென்பொருள் அதை ஒரு நிகழ்தகவுப் பரவலாக்கி, அதிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரிகளை எடுத்துக் கணக்கிடுவதால், இறுதிக் குறியீடும் தன் ஐயத்தின் அகலத்தோடே வெளிவருகிறது. மாதிரி எடுக்கப் பயன்படும் சமவாய்ப்பு எண்களின் தொடக்க விதையை, அதாவது அவை எந்த எண்ணிலிருந்து பிறக்கின்றனவோ அதை, நிரலில் நிலைப்படுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் இன்று வந்த எண்ணின் கடைசி இலக்கம் நாளை மாறும், கூட்டத்தில் அதற்கும் விளக்கம் சொல்ல நேரும்.

உலகளவிலான உயிர்க்கோள் குறியீடு (Living Planet Index) வேறு வழியில் செல்கிறது. அது 1970-ஐ 1 என்று வைத்துக்கொண்டு, முதுகெலும்பிகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு எந்த விகிதத்தில் மாறுகிறது என்பதைப் பெருக்குச் சராசரியால், அதாவது விகிதங்களைக் கூட்டாமல் பெருக்கி மூலம் எடுக்கும் சராசரியால், சேர்க்கிறது. 100 ஆக இருந்த ஓர் இனம் 200 ஆகிறது, 100 ஆக இருந்த மற்றொன்று 50 ஆகிறது என்று வையுங்கள். கூட்டுச் சராசரி 25 விழுக்காடு வளர்ச்சி என்று மகிழும். பெருக்குச் சராசரியோ மாற்றமே இல்லை என்று சொல்லும். இரண்டாவதே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் பெருக்குச் சராசரிக்குச் சுழியம் ஆகாது. அதனால் ஓர் இனத்தின் ஆண்டுவாரி எண்ணிக்கைத் தொடரில் 0 வந்தால், அத்தொடரின் சராசரியில் 1 விழுக்காட்டை எல்லா ஆண்டுகளுக்கும் கூட்டிவிடுவது அங்குள்ள வழக்கம்.

இந்தச் சிறு வழக்கம் என்னை ஒருமுறை நன்றாகவே அலைக்கழித்தது. அதே முறையில் நானே எழுதிய நிரலை ஓட்டியபோது, வரைபடம் கடைசி ஆண்டில் மலையுச்சியிலிருந்து உருண்டதுபோல் சரிந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் குறியீட்டில் எவ்வளவு பங்கு என்று சொல்லும் எடையளவுகளை இரண்டு நாள் சந்தேகித்தேன். பிறகுதான் அட்டவணையைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். அந்த ஆண்டின் கணக்கெடுப்பு இன்னும் வந்து சேராததால் வெற்றாக இருந்த கட்டங்களை, என் நிரல் 0 என்று படித்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் 200 ஆக நின்று, பத்தாம் ஆண்டில் 0 என்று படிக்கப்பட்ட ஒரு பறவைத் தொடருக்குச் சராசரி 180. அதில் 1 விழுக்காடு 1.8. ஆக, 201.8 ஆக இருந்தது ஒரே ஆண்டில் 1.8 ஆகிவிட்டது! எண்ணாமல் விட்டதும், எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதியதும் வேறு வேறு என்பது நமக்குத் தெரியும். நிரலுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

எடையளவுகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. நன்கு எண்ணப்பட்ட பறவைகளும் பாலூட்டிகளும் தரவில் குவிந்திருக்கும். பூச்சிகளும் பூஞ்சைகளும் அரிதாகவே இருக்கும். சம எடை கொடுத்தால், உங்கள் நாட்டில் யார் எதை எண்ண விரும்பினார்கள் என்பதையே குறியீடு காட்டும்.

ஆகவே மென்பொருளைப் பிறகு முடிவுசெய்யலாம். உங்கள் தரவில் வெற்றுக் கட்டங்கள் எப்படிக் குறிக்கப்பட்டுள்ளன, ஒப்பீட்டு மதிப்புகளை யார் எந்த அடிப்படையில் முடிவுசெய்தார்கள் என்ற இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். முடிந்தால் ஒரே ஓர் உயிரினத்தின் தொடரை மட்டும் அனுப்புங்கள். அதை முதலில் கையால் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்